பாரீஸில் ஒரு ஜிப் ரிப்பேர்

"ஷாப்பிங் அனுபவ மேலாண்மை" என்று ஒரு பாடம் இருப்பதே எனக்குப் போன மாதம்தான் தெரிய வந்தது. நான் ஓய்வு பெற்ற சுற்றுலா கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் பேச வேண்டுமாம், தலைப்பு இதுதான். முப்பது வருடத்துக்கு மேல் இந்த மேலாண்மையைப் பெயர் தெரியாமலே செய்திருக்கிறேன். எங்கள் காலத்தில் அதற்கு "நாலு மணிக்கு பஸ் கிளம்பும்" என்று பெயர்.

பம்பாயில் செம்பூரிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போய்ப் பேசினேன். குளிரூட்டிய அறை, ஆளுக்கு ஒரு மடிக்கணினி. இப்போதெல்லாம் டூர் மேனேஜருக்கு அவ்வளவாக வேலை இல்லையாம். கடை, வழி, கழிப்பறை எல்லாம் பயணியின் போனிலேயே வந்துவிடுகிறதாம். சந்தோஷம். போன் போய் யாருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒரு பெண் மட்டும் எழுந்து, பாரீஸில் உங்களுக்கு வாய்த்த மிகக் கஷ்டமான கஸ்டமர் யார் என்று கேட்டாள். அரை மணி நேரத்தில் சொல்ல முடிந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதால் தைரியமாகவே எழுதலாம்.

நான் தாராவியில் பிறந்தவன். வாப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். நானும் உட்கார்ந்து தைத்தேன். நான் தைத்த பையில் இரண்டு கைப்பிடியும் இரண்டு நீளத்தில் இருந்தன. "நீ வேற தொழில் பாருல, தோலு பாவம்" என்று வாப்பா சொல்லிவிட்டார். ஃபோர்ட்டில் ஒரு டிராவல் ஆபீசில் டிக்கெட் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். தமிழ், இந்தி, மராத்தி, கொஞ்சம் குஜராத்தி வாயில் இருந்ததால் கோவா பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பிறகு நேபாளம், சிங்கப்பூர். மாலை வகுப்புக்கு அனுப்பிக் கொஞ்சம் பிரெஞ்சும் ஊட்டினார்கள். அந்த வருடங்களில் நான் கற்றது இவ்வளவுதான்: பசி வந்தால் பத்தும் பறக்கும், மூத்திரம் வந்தால் டூர் மேனேஜர் பறப்பான்.

எனக்கு மேலதிகாரி கூபர் மேடம். பார்சிப் பெண்மணி, குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மேஜையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறையப் பெப்பர்மின்ட் வைத்திருப்பார். டூர் முடிந்து நாம் உள்ளே போனதும் ஜாடியை நம் பக்கம் தள்ளினால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அது கரையும் வரை அவர் ஒன்றும் பேச மாட்டார், நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். சீக்கிரம் முடியட்டும் என்று கடித்து விழுங்கினால் இன்னொன்று கொடுப்பார். வேலையை விட்டுப் போனவர்களில் பாதிப் பேருக்கு இன்றும் பெப்பர்மின்ட் ஆகாது.

எனக்கு முதல் பெப்பர்மின்ட் ஒரு பெல்ட்டால் கிடைத்தது. பாரீஸில் படகுச் சவாரிக்கு முன்னால் ஒரு பயணி பெல்ட் வாங்கிவந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். தோல் பட்டறைப் பிள்ளை அல்லவா, வாய் சும்மா இருக்கவில்லை. இது முழுத் தோல் இல்லை, தூளை அழுத்திச் செய்தது என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் போய்க் கடைக்காரரோடு சண்டை போட, மொத்தக் குழுவும் படகைத் தவறவிட்டது. பெப்பர்மின்ட் கரைந்த பிறகு மேடம் கேட்டார்: "நீ சொன்னது உண்மை. எல்லாரும் படகைத் தவறவிட்டதும் உண்மை. இதில் எந்த உண்மைக்குக் கம்பெனி உனக்குச் சம்பளம் கொடுக்கிறது?" அதோடு ஒரு விதியும் தந்தார். வாங்கும் முன் அபிப்பிராயம் கேட்டால் "நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல். வாங்கிய பின் கேட்டால் "பிரமாதம்" என்று சொல். பொருள்களைப் பற்றி வேறெதுவும் உனக்குத் தெரியாது. அதன் பிறகு ஐரோப்பாவில் நான் பார்த்ததெல்லாம் பிரமாதமாகவே இருந்தது.

பாரீஸ் ஷாப்பிங் நாள் என்பது ஒரு கல்யாணத்தை நடுத்தெருவில் நடத்துவதற்குச் சமம். காலையில் பஸ்ஸுக்குள் தலை எண்ண வேண்டும். பாஸ்போர்ட்டை ஓட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வாருங்கள், ஜேப்படித் திருடர்கள் அதிகம் என்று முதலில் சொல்ல வேண்டும். பெரிதாக வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும், அதற்குக் கடையில் பாஸ்போர்ட் காட்ட வேண்டும் என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். உடனே பாதி பஸ் இறங்கி ஓட்டலுக்குள் ஓடும். வரி திரும்பக் கிடைக்கும் என்று கேட்டதும் எதையும் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் ஓடுவார்கள். வாங்கிய பொருளைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள், விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும் என்று மூன்று மொழிகளில் சொல்வேன். விமான நிலையத்தில் பார்த்தால் எல்லாப் பெட்டியிலும் அது அடியில்தான் இருக்கும், மேலே ஊறுகாய் பாட்டில் இருக்கும்.

பிறகு சந்திக்கும் இடம். நகராத பொருளாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஓர் அம்மா நான் சொன்ன சிலையை விட்டுவிட்டு, ஜன்னலில் மஞ்சள் கவுன் போட்ட பொம்மையை அடையாளம் வைத்துக்கொண்டார். மத்தியானம் கடைக்காரர்கள் பொம்மைக்கு உடை மாற்றிவிட்டார்கள். பாரீஸ் எவ்வளவு நாகரிகமான ஊர் என்பதை அந்த அம்மா அன்று மஞ்சளைத் தேடி நான்கு தெரு நடந்து தெரிந்துகொண்டார். பெரிய கடைகளுக்கு ஏன் எங்கள் ஆட்கள் இவ்வளவு ஆசையாகப் போகிறார்கள் என்று பிரெஞ்சு டிரைவர் கேட்பார். ஃபேஷன் மேல் இந்தியர்களுக்குத் தணியாத காதல் என்று சொல்லி வைத்திருந்தேன். அங்கே கழிப்பறை இலவசம் என்பதை நான் வெளியே விடவில்லை.

பாண்டுப்பில் பாத்திரக் கடை வைத்திருந்த ஒருவரை மறக்க முடியாது. சென்ட் பிரிவில் இரண்டு பாட்டிலைக் கையில் எடுத்து, விற்பனைக்கு நின்ற பெண்ணிடம் ஒரு விலை சொன்னார். அவள் சிரித்தபடி மாட்டேன் என்றாள். நம் ஊர் வழக்கப்படி பாட்டிலை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார், கூப்பிட வசதியாக. யாரும் கூப்பிடவில்லை. வாசல் வரை போய் நின்று கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு தானே திரும்பி வந்து, அவள் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கினார். பஸ்ஸில் என்னிடம், "வியாபாரம் தெரியாத ஜனங்க" என்று வருத்தப்பட்டார்.

வகுப்பில் அந்தப் பெண் கேட்ட கஷ்டமான கஸ்டமர் இவர்களில் யாரும் இல்லை. அது அலமேலு மாமி.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் பம்பாயில் தமிழர்கள் கூடி வாழும் மாதுங்காவிலிருந்து ஒரு மூத்தோர் குழு. கூடவே சமையல்காரர், இட்லிப் பானை, எல்லாம் உண்டு. மாமியின் கணவர் வைத்தி சார். கெமிக்கல் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்தவர், குரல் வெளியே வராத மனிதர். மாமியின் தோளில் ஒரு பழுப்பு நிறப் பை. பாரீஸின் மிகப் பெரிய பெயர் ஒன்று அதன் மேல் அச்சாகியிருந்தது. பம்பாய் விமான நிலையத்தில் அதற்குக் குழுவின் அட்டையைக் கட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்மூலையில் துணியை மடக்கித் தைத்திருந்த விதம் எங்கள் வட்டாரத்துக் கை. பாரீஸுக்கும் அந்தப் பைக்கும் இருந்த தொடர்பு, எனக்கும் பிரெஞ்சு ஜனாதிபதிக்கும் இருந்த தொடர்புதான். "பிரமாதமான பை, மாமி" என்றேன்.

ரோமில் தொடங்கி சுவிட்சர்லாந்து வரை அந்தப் பையின் சரித்திரத்தைக் குழு முழுவதும் கேட்டது. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காக வைத்தி சார் வாங்கித் தந்ததாம். பாரீஸ் போன சிநேகிதர் ஒருவர் மூலம் வரவழைத்ததாம், அந்த வருடம் நல்ல போனஸாம். மாமி ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வைத்தி சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்ப்ஸ் மலையை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த பயணியை நான் கண்டதில்லை.

மலை உச்சியில் பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. உள்ளே மாமியின் பிரஷர் மாத்திரை. இரண்டு பேர் பிடித்து இழுத்தும் வரவில்லை, கடைசியில் சமையல்காரர் கரண்டிக் காம்பை விட்டு நெம்பித் திறந்தார். மாமி பதறவில்லை. இந்தக் கம்பெனிக்கு ஹெட் ஆபீஸ் பாரீஸில்தானே இருக்கிறது, அங்கேயே கொடுத்துவிடலாம், ஆயுசுக்கும் கேரன்ட்டி உண்டு என்றார். மாதுங்காக்காரர்களுக்குக் கடவுளுக்கு அடுத்தபடி நம்பிக்கை ஹெட் ஆபீஸ் மேல்தான். மிக்ஸி நின்றுபோனால் கடைக்காரரிடம் போக மாட்டார்கள். கம்பெனிக்கு எழுதுவார்கள், பதில் வரும் வரை எழுதுவார்கள். உலகமே பை வாங்கப் போகிற தெருவுக்கு ஜிப்பை இலவசமாக மாற்றிக்கொள்ளப் போக வேண்டும் என்று தோன்றுவதற்கு மாதுங்காவில் முப்பது வருடமாவது குடியிருந்திருக்க வேண்டும்.

குழுவில் எல்லாரும் அது நல்ல யோசனை என்றார்கள். வைத்தி சாருக்கு மட்டும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பிரான்ஸுக்குள் நுழைந்ததும் நெடுஞ்சாலையோரத்தில் பஸ் நின்றது. காபி மெஷின் பக்கத்தில் வைத்தி சார் என்னைத் தனியாகப் பிடித்தார். அந்தப் பை பாரீஸ் பை இல்லை என்றார். தெரியும் சார் என்றேன். தாராவியில் வாங்கியது என்றார். அதுவும் தெரியும் என்றேன். மனிதர் மொத்தத்தையும் சொன்னார்.

அந்த வருடம் போனஸ் இல்லை. வேலையே இல்லை. கம்பெனி குஜராத்துக்கு இடம் பெயர்ந்தபோது வயதானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அப்பாவுக்கு உத்தியோகம் இல்லை என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்து, மனைவியிடமே சொல்லவில்லை. ஏழு மாதம் தினமும் காலையில் மாமி கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போகிறவர் போல வீட்டை விட்டுக் கிளம்பி, சாயங்காலம் திரும்பியிருக்கிறார். செம்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்த பிறகு, பழைய இடம் பிடிக்கவில்லை, நானே மாறிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நடுவில் வந்தது அந்தக் கல்யாண நாள்.

"ஒண்ணும் வாங்கித் தரலேன்னா சந்தேகப்படுவா ஹமீது. அதான் பெரிசா ஒண்ணு வாங்கினேன்" என்றார்.

கணக்குப் பிள்ளையின் மூளை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இதில் இன்னொரு சிக்கல் இருப்பதை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பிரான்ஸில் போலிப் பையை வைத்திருப்பதே குற்றம். கடைக்காரர்கள் கண்டுபிடித்தால் பையைப் பறிமுதல் செய்யச் சொல்லலாம், போலீஸைக் கூப்பிடலாம். நாலு பேர் பார்க்க மாமி அங்கே நிற்க வேண்டி வரும்.

"நீங்களே சொல்லிருங்க சார். கடையில உள்ள பிள்ள சொல்லி அவங்களுக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றேன்.

"பை மட்டும்னா சொல்லிடுவேன். பையைச் சொன்னா, ஏன்னு கேப்பா. அந்த ஏழு மாசத்தையும் சொல்லணும். இத்தனை வருஷம் கழிச்சு எந்த மூஞ்சியை வெச்சுண்டு சொல்றது?"

அவர் என்னிடம் கேட்டது எளிமையான உதவிதான். எப்படியாவது மாமி அந்தக் கடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முப்பது வருட அனுபவம் என்று மார்தட்டிக்கொள்கிறவன் ஆயிற்றே, சரி என்றேன். பாரீஸில் அந்தக் கடையில் முன்பதிவு இல்லாமல் ரிப்பேர் பார்க்க மாட்டார்கள் என்று மாமியிடம் சொன்னேன். மாமி ஓட்டல் வரவேற்பறைப் பெண்ணைப் பிடித்து அரை மணியில் முன்பதிவு செய்துவிட்டார். மறுநாள் காலை, உங்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், மொழி தெரிந்தவர் வேண்டுமே என்றார். கடையில் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள், அது மாமியின் சொந்தச் சரக்கு என்பது எனக்கு நிச்சயம்.

வைத்தி சாரும் சும்மா இருக்கவில்லை. சமையல்காரரிடம் தேங்காய் எண்ணெய் வாங்கி, ஜிப்பின் பல் பல்லாகத் தடவி ஒழுங்கு பண்ணிவிட்டார். காலைச் சிற்றுண்டியின் போது எல்லார் முன்னாலும் இழுத்துக் காட்டினார். வெண்ணெயில் கத்தி போவது போல் போனது. ஐந்து நாளில் அன்றுதான் அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். மாமியும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பேஷ் என்றார். கைப்பிடித் தையலும் விட்டிருக்கிறது, அதையாவது பார்க்கட்டும், அப்பாயின்ட்மென்டைச் சும்மா காலிபீலி வேஸ்ட் பண்ணக் கூடாது என்று எழுந்துவிட்டார்.

மற்றவர்களைப் பெரிய கடையில், அதாவது கழிப்பறை உள்ள இடத்தில், விட்டுவிட்டு நாங்கள் மூவரும் போனோம். அந்தத் தெருவைப் பற்றி எழுத வேண்டுமென்றால், அங்கே குப்பைத் தொட்டியே நம் ஊர்க் கல்யாண மண்டபம் போல இருக்கும். கடை வாசலில் பட்டுக் கயிறு கட்டி வரிசை. கறுப்புக் கோட்டுப் போட்ட காவலாளி மாமியின் ஒன்பது கஜப் புடவையையும் ஸ்வெட்டரையும் ஸ்போர்ட்ஸ் ஷூவையும் பார்த்தார், தோள் பையைப் பார்த்தார், கயிற்றை அவிழ்த்தார். உள்ளே ஆஸ்பத்திரி போல அமைதி. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். வைத்தி சார் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மாமியின் தண்ணீரையும் குடித்தார்.

ஓர் இளம்பெண் வந்தாள். கைகளில் வெள்ளைக் கையுறை. பையை வெல்வெட் தட்டில் வைத்துத் திறந்தாள். பூட்டைப் பார்த்தாள், உள்துணியைப் பார்த்தாள், மூலைக்குள் ஒரு விரலை விட்டாள். அவ்வளவுதான். முகத்தில் ஒரு கோடும் மாறவில்லை. எங்கே, எப்போது வாங்கியது என்று மாமியிடம் மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டாள். மாமி கணவரைக் கைகாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, பிரெஞ்சில், அதே சிரிப்பு மாறாமல் சொன்னாள். இது எங்கள் பை இல்லை. நான் மேலாளரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்தால் பை இங்கிருந்து வெளியே போகாது, இந்த அம்மாவும் உடனே போக முடியாது. ஆனால் நான் இன்னும் இதைச் சரியாகப் பார்க்கவில்லை, பார்ப்பதற்கு விளக்கு வேண்டும், உள்ளே போய் எடுத்துவர எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். பையைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

விளக்கு எடுத்து வரப் போயிருக்கிறார்கள் என்று மாமியிடம் சொன்னேன். பொய் இல்லையே. அந்தச் சிநேகிதர் இதை வாங்கியது வழியில் துபாய்க் கடையிலாம், அதை மூடிவிட்டார்களாம், அதனால் இங்கே பார்க்க மாட்டார்கள் என்று அடுத்த பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். மாமி என்னைப் பார்க்காமலே கையை மட்டும் உயர்த்தினார்.

"நீங்க இருங்கோ ஹமீது. அவரைத்தான் கேக்கறா." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கோ. எங்கே வாங்கினேள்?"

வைத்தி சார் என்னைப் பார்த்தார். என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. தட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அப்படியே மயங்கி விழுந்துவிடுவாரோ என்று பயந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"தாராவில" என்றார். "அந்த வருஷம் எனக்கு வேலை இல்லே அலமேலு."

மாமி தலையை ஆட்டினார். பயணிகள் எத்தனையோ பேர் அதிர்ந்து போவதைப் பார்த்தவன் நான். இது அந்த முகம் இல்லை.

"பை தாராவின்னு அன்னிக்கே தெரியும். தோல் ஒட்டற சொல்யூஷன் வாசனை போக ஒரு மாசம் பால்கனியில தொங்கப் போட்டிருந்தேன். வேலை போனதும் தெரியும். உங்க ஆபீஸ் பியூன் என்னைப் பூ மார்க்கெட்ல பாத்துட்டு, சார் இப்போ எங்கே இருக்கார்னு கேட்டான். அதெல்லாம் நான் கேக்கலே." தட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தெனமும் டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்தேனே. அதை எங்கே உக்காந்து சாப்ட்டேள்?"

உலகத்திலேயே விலை கூடிய கைப்பைகள் சுற்றிலும் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தன. நடுவில் வைத்தி சார் அழுதுகொண்டிருந்தார்.

"சயான்ல, ஆஸ்பத்திரி வராண்டாவுல. அங்கே உக்காந்துண்டிருந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டா."

"மழையில?"

"அங்கேயேதான்."

மாமி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்த ஏழு மாசமும் ரெண்டு கறி பண்ணி வெச்சேன். கவனிச்சேளா?" என்று கேட்டார்.

"கவனிச்சேன்" என்றார் வைத்தி சார். "அதனாலதான் சொல்லவே முடியலே."

இவ்வளவு காலமாக மாமி கல்யாண வீடு கல்யாண வீடாக அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாரீஸ் பை என்று சொல்லிவந்திருக்கிறார். நாத்தனார்கள் கேட்டபோதும் சொல்லியிருக்கிறார். கணவரின் பொய்யைக் கீழே விழாமல் அவர்தான் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார், எங்கள் பஸ்ஸில் சொன்னதும் சேர்த்து. என்றாவது ஒருநாள் இவர் தானாகவே வாயைத் திறப்பார் என்று காத்திருந்து, முடியாமல்தான் பாரீஸ் வரை கூட்டிவந்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

அந்தப் பெண் விளக்கோடு வந்தபோது பை மாமியின் தோளில் ஏறியிருந்தது. மாமி எழுந்து நின்று, மாதுங்கா ஆங்கிலத்தில், மிகுந்த கம்பீரத்தோடு சொன்னார். என் கணவருக்கு வாங்கிய கடை ஞாபகம் வந்துவிட்டது, ரிப்பேரையும் அங்கேயே செய்துகொள்கிறோம், உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம். அது மிகச் சரியான முடிவு என்று அந்தப் பெண் சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பினாள். வேறு யாரையும் அவள் அப்படி வழியனுப்பி நான் பார்க்கவில்லை.

தெருவில் இறங்கினோம். கடைக்கு எதிரே மரத்தடியில் ஒரு பெஞ்ச் இருந்தது, வைத்தி சாரை உட்கார வைத்தேன். உனக்கு நிஜப் பை ஒன்று வாங்கித் தருகிறேன் என்று மாமியிடம் ஏதோ முணுமுணுத்தார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ண என்று மாமி கேட்டுவிட்டு, ஜிப்பைத் திறந்தார். காலையில் சமையல்காரர் எல்லாருக்கும் கட்டிக் கொடுத்திருந்த புளியோதரைப் பொட்டலங்கள் இரண்டு உள்ளே இருந்தன. ஒன்றைப் பிரித்துக் கணவரின் மடியில் வைத்தார். பட்டுக் கயிற்று வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளியும் பார்த்தார். மாமி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை.

என்னைப் போகச் சொன்னார்கள். பக்கத்து மரத்தடி வரைதான் போனேன். வைத்தி சார் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மாமியின் பொட்டலம் பிரிக்காமலே மடியில் இருந்தது. நீ சாப்பிடலையா என்று அவர் கேட்டார்.

"நீங்க சாப்பிடுங்கோ" என்றார் மாமி. "இன்னிக்காவது பாக்கறேன்."